பதின்மூன்றாம் கால்

ஆயிரங்கால் மண்டபம் இருக்கிற ஊரில்
இருபத்தெட்டுக் கால் பூச்சி ஒன்றை
டவுன்ஹால் ரோட்டில் வாங்கி வந்தேன்,
பில் இல்லாமல், முந்நூற்றி இருபதுக்கு.

செல்லூரில் குழாய்த் தண்ணீர்
நாலு நாளைக்கு ஒருமுறை, நேரம் சொல்லாமல்.
தொட்டியில் முதல் சொட்டு விழுந்ததும்
என்னை எழுப்ப ஒரு பஸ்ஸர்.
அவ்வளவுதான் ஆசை.

முதலில் ஒரு விளக்கைச் சிமிட்ட வேண்டுமாம்.
அதற்கே மூன்று ராத்திரி.
போர்ட் இல்லை என்றது திரை.
டிரைவரை மாற்றினேன், லேப்டாப்பைத் திட்டினேன்,
அரைப்புள்ளிகளைத் திரும்ப எண்ணினேன்.
போர்ட் இல்லை.

மாடி வீட்டு தஸ்லீமா
வயரைத் தூக்கிப் பார்த்தாள்.
"இது சார்ஜ் ஏத்துற வயருக்கா.
சோறு போடும், பேசாது."

அவள் வயரில் ஒரே தரம்.
பதின்மூன்றாம் கால் பக்கத்தில்
அரிசியளவு ஆரஞ்சு வெளிச்சம்.
ஒரு நொடி உண்டு, ஒரு நொடி இல்லை,
உண்டு, இல்லை, உண்டு,
நிறுத்தச் சொல்லி நான் எழுதவே இல்லை.

ஆயிரத்தை ஐந்நூறாக்கினேன்.
நூறு.
ஐம்பது.
பத்தில் சிமிட்டலே தெரியவில்லை,
மறுபடி ஆயிரம்.

தெருவில் குடங்கள் இடித்துக்கொண்டதும்
தண்ணீர் வந்து போனதும்
காலையில்தான் தெரிந்தது.