கடல் பார்த்த வீடு

வாடகை பேசும்போது
கடல் பார்த்த வீடு என்றுதான் சொன்னார் ஜோதிராமலிங்கம்.
அதற்காகவே எண்ணூறு ரூபாய் கூட.
பொய்யில்லை.
வீட்டில் ஒரே ஓர் இடம் கடலைப் பார்க்கிறது:
குளியலறை வெண்டிலேட்டர்.
நீல வாளியைக் கவிழ்த்து ஏறி நின்றால்
மூக்குக்கு மேலே வங்காள விரிகுடா,
மூக்குக்குக் கீழே
பினாயில் வாசனை.

மூன்று கண்ணாடிப் பட்டைகள்.
நடுவிலிருந்ததைக் கழற்றிப் பரண்மேல் வைத்தது நான்தான்.
யாராவது கேட்டால்
காற்றுக்கு என்று சொல்லியிருப்பேன்.
யாரும் கேட்கவில்லை.

ஐந்தரை முதல் ஐந்தே முக்கால் வரை என் முறை.
அப்புறம் கிருபாகரன் கதவைத் தட்டுவான்.
"அண்ணி, உள்ள என்ன கப்பலா கட்டுறீங்க?"
குழாயைத் திறந்துவிட்டுக்
குளிப்பதுபோல் சத்தம் காட்டுவேன்.
லாரி வராத நாளில் அதுவும் முடியாது,
சும்மா இருமுவேன்.

மார்கழியில் கடற்காகங்கள் வந்தன.
கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பொட்டு,
அவசரத்தில் இடம் தப்பி மை வைத்த பிள்ளைபோல.
பனிமலையெல்லாம் தாண்டி வந்து
பட்டினப்பாக்கத்து மீன்குடலுக்குச்
சண்டை போட்டன.

ஓங்கில்களை ஒரே தடவை பார்த்தேன்.
முதலில் லாரி ட்யூப் மிதக்கிறது என்று நினைத்தேன்.
அது மூழ்கியது. வேறெங்கோ இன்னொன்று எழுந்தது.
பிறகு ஐந்தோ ஆறோ,
தண்ணீரைத் தைத்துக்கொண்டே
கலங்கரை விளக்கம் பக்கம் போயின.
அன்று மருந்துக்கடையில்
பத்து மாத்திரைக்கு நூறு என்று பில் அடித்தேன்.
முதலாளி கத்தினார்.
மழையில் நிற்கும் எருமைபோல் வாங்கிக்கொண்டேன்.

செத்தவைதான் அதிகம் வந்தன, அதையும் சொல்லிவிட வேண்டும்.
தை முழுக்க
ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒரு பங்குனி ஆமை,
வலையில் மூச்சுமுட்டிக் கண் பிதுங்கி.
நாய்கள் வருவதற்குள் யாரோ
ஓட்டின்மேல் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவார்கள்.
ஒன்றையே இரண்டு தடவை எண்ணிவிடக் கூடாதாம்.
அந்த நாட்களில் பதினைந்து நிமிடமும்
நிஜமாகவே குளித்தேன்.

மாசியில் ஒரு விடிகாலை
உயிரோடு ஒன்று.
முட்டையிட்டு முடித்திருக்க வேண்டும், முதுகெல்லாம் மணல்.
திரும்ப வேண்டிய பக்கம் திரும்பாமல்
ரோட்டு விளக்கைக்
கடல் என்று நம்பி நகர்ந்தது.
நின்றது. பெருமூச்சு விட்டது.
மூன்றாம் மாடிக்குக் கேட்காதுதான்.
எனக்குக் கேட்டது.

"அந்தப் பக்கம் இல்லைம்மா" என்று கத்தினேன்.
கிருபாகரனுக்குத்தான் கேட்டது.
நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு
அவனைத் தாண்டிப் படியிறங்கி ஓடினேன்.
குடிவந்து பதினான்கு மாதம்.
மணலில் கால் வைத்தது அன்றுதான்.

அங்கே ஏற்கெனவே ஒருவர்,
மரியதாஸ் என்று பிறகு தெரிந்தது,
லுங்கியை அவிழ்த்து விளக்குக்கு நேரே
திரையாகப் பிடித்தபடி
அரைக்கால் டவுசரில் நின்றிருந்தார்.
"அந்த மொனையப் புடிம்மா" என்றார்.
பிடித்தேன்.
எங்கள் நிழல் விழுந்த இடத்தில் ஆமை நின்றது,
தலையைக் கோணியது,
திரும்பியது.
அவ்வளவு மெதுவாக ஒருவரும்
என் கண்முன்னே மனம் மாறியதில்லை.

மூன்றாவது அலை அதைத் தூக்கிக்கொண்டது.

அப்போதுதான் நிமிர்ந்து எங்கள் பிளாக்கைப் பார்த்தேன்.
நான்கு மாடி. மாடிக்கு எட்டு வெண்டிலேட்டர்.
எல்லாவற்றிலும்
நெற்றியும் கண்ணும் மட்டும்.
ஒன்றில் ஷாம்பு நுரை,
ஒன்றில் ஈரம் படிந்த மூக்குக்கண்ணாடி,
குழாயடிச் சண்டைக்குப் பின் என்னோடு பேசாத
ரெஜினா டீச்சரின் நரைவகிடு.
மூச்சுவிட மேலே வந்தவைபோல.
நான் பார்க்கிறேன் என்றதும்
ஒவ்வொன்றாக உள்ளே மூழ்கின.

எங்கள் வீட்டுத் துவாரத்தில் கிருபாகரன்.
அவன் மட்டும் மூழ்கவில்லை.
"போயிடுச்சா அண்ணி?"
கையாட்டினேன்.
சட்டென்று அவனும் காணாமல் போனான்.
நீல வாளி விரிசல் விடும் சத்தம்
கரைக்குக் கேட்காதுதான்.