ஒன்றுமில்லாத வரிசை

ஒயின் ஆலை எல்லைக்கு அப்பால் இருக்கிறது.
அதன் சக்கை மட்டும்
சோதனைச் சாவடி தாண்டி
டிராக்டரில் இந்தப் பக்கம் வருகிறது,
வழியெல்லாம் ஒழுகிக்கொண்டு.
பேரிகைச் சாலையில் நாய்கள் அதை நக்கிவிட்டுச்
சற்று நேரம் யாரையும் குரைப்பதில்லை.

திம்மராயனுக்கு அது ஓசியில் கிடைத்தது.
நான்கு வரிசைக்கு ஈரச் சக்கை,
நான்குக்கு ஆறு மாதம் மக்கியது,
நான்குக்கு ஒன்றுமே இல்லை.
அவரைச் சம்மதிக்கவைக்க மூன்று டீ ஆனது.
'ஒண்ணுமில்லாத வரிசை எதுக்கு மேடம்?
அது என்ன பாவம் பண்ணுச்சு?'

மருந்துப் பெயர்கள் அவர் வாயில் நிற்காது.
சிவப்பு மூடி, பச்சை மூடி.
மயில்துத்தம் மட்டும் மயில்துத்தம்.
அடிச்சாம்பல் நோய்க்குச் சிவப்பு மூடி,
மூட்டம் போட்டால் வாரத்துக்கு இரண்டு தரம்.
இலையில் பட்டது பாதி.
மீதியை மண் வாங்கிக்கொண்டது,
யாரும் கேட்காமலே.

திருப்பிக் கேட்பது என் வேலை.
ஒரு சாண், இரண்டு சாண், ஒரு முழம் தாண்டி
குழாயை இறக்கி, திருகி, எடுத்து,
பையில் கட்டி எண் எழுதுகிறேன்.
பன்னிரண்டு வரிசை, மூன்று ஆழம், முப்பத்தாறு பை.

இந்தச் செம்மணலுக்குப் பிடிமானம் போதாது.
தண்ணீர் கூப்பிட்டால் எதையும் கொடுத்தனுப்பிவிடும்.
மூன்று மழைக்குப் பிறகு ஒன்றுமில்லாத வரிசையில்
எந்த ஆழத்திலும் சிவப்பு மூடி இல்லை.
'அழிஞ்சிருச்சு பாத்தீங்களா' என்றார்.
நான் சரிவைப் பார்த்தேன்.
சரிவின் அடியில் தொட்டம்மாவின் கிணறு.

மக்கிய சக்கை போட்ட மண்ணோ
கடன் கொடுத்தவன் சட்டையைப் பிடித்ததுபோல்
பிடித்து வைத்திருந்தது.
மேல் சாணிலேயே எல்லாம் இருந்தது,
போன வருடத்து மயில்துத்தம் உட்பட.
பிடித்ததை விடவில்லை,
தின்னவும் இல்லை.
நுண்ணுயிர் எட்டாத இடுக்கில்
வாய்தா வாங்கிய வழக்காக
உட்கார்ந்திருந்தது மருந்து.

ஈரச் சக்கை வேறு கதை.
முதலில் தன் சாற்றை விட்டது,
ஊதாவாக, புளித்த வாடையோடு.
போகிற போக்கில் அந்தச் சாறு
மருந்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கியது.
சக்கைக்குப் புத்தி வர மூன்று வாரம்.
அதற்குள் ஒரு பெருமழை போய்விட்டது.

வரைபடத்தில் இவை மூன்று கோடு.
திம்மராயன் கோட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.
'நல்லதா கெட்டதா? ஒரே வார்த்தை.'
'மண் பிடிச்சிருக்கு. சாகல.'
'மூணு சொல்லிட்டீங்க.'

கிணறு எங்கள் திட்டத்தில் இல்லை.
எல்லை வரிசையோடு முடிகிறது என்று
தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறோம்.
ஆனாலும் ஒரு புட்டி நீர் மொண்டு,
வீட்டு ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பின்னால் வைத்து,
மறுநாள் முப்பத்தேழாவதாக
எந்திரத்தில் ஏற்றினேன்.
எந்திரத்துக்குத் திட்டம் தெரியாது.
அது பாட்டுக்கு எண்ணைச் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போனேன்.
தொட்டம்மா மோட்டார் போடப் போய்க்கொண்டிருந்தாள்.
எண்ணைக் கேட்கவில்லை.
'எந்த மூடி?'
'சிவப்பு.'
சுவிட்ச் மேல் வைத்த கை
அங்கேயே இருந்தது,
போடவுமில்லை, எடுக்கவுமில்லை.

அடுத்த வியாழன் தோட்டத்தில்
ஒன்றுமில்லாத நான்கு வரிசையிலும்
கணுக்கால் உயரத்துக்கு மக்கிய சக்கை.
இரண்டு வருடச் சோதனை போச்சு.
திம்மராயன் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.
கத்த வாய் திறந்தேன்.
'அது என்ன பாவம் பண்ணுச்சு' என்றார், நிமிராமல்.
அவர் சொன்னது வரிசையையா, கிணற்றையா
என்று நான் கேட்கவில்லை.

பதிவேட்டில் இழப்பு என்று எழுதினேன்.
காரணம் என்ற கட்டம் காலி.
மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது.
மருந்துக் கொட்டகைக்குள்
சிவப்பு மூடியை யாரோ திருகும் சத்தம்.