எந்த வாசல்

துண்டறிக்கையில் கட்சிச் சின்னத்தைச்
சிறிதாக்கியது நான்தான்.
முதலில் தபால்தலை அளவு.
"இன்னும் கொஞ்சம்" என்றார் பிரைத்வெயிட்.
இப்போது அது
அச்சு இயந்திரம் தும்மிய புள்ளி.

மேரிபோர்ட்டில் மழை.
கட்சி நிற ரிப்பனைக் காரிலேயே கழற்றிவிட்டுக்
கதவு கதவாகச் சொல்கிறார்:
"பேருந்தை நிறுத்தியது அவர்கள்.
எனக்கு அதில் உடன்பாடே இல்லை."

அவர்கள் என்றால் யாரென்று
யாரும் கேட்பதில்லை.

பதினேழாம் எண் வீட்டில்
உருளைக்கிழங்கு சீவிய கையோடு
ஹில்டா டைசன் கேட்டாள்:
"நாடாளுமன்றத்தில் ஓட்டுப் போட
இரண்டு வாசலாமே,
சரி என்பதற்கு ஒன்று, கூடாது என்பதற்கு ஒன்று.
அன்றைக்கு உங்கள் கால்
எது வழியாகப் போயிற்று?"

அவர் தன் ஷூவைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
நல்ல தோல். நனைந்திருந்தது.

காரில் ஏறியதும் கேட்டார்:
"அந்தப் புள்ளியை
எடுத்தேவிட்டால் என்ன?"