பாகல், ஜூன் இருபது

காசிமேட்டில் மீன் இறக்கிவிட்டு
வீசியெறிந்த தெர்மாகோல் பெட்டிகள் பதினேழு.
நாற்றம் போக மூன்று நாள் வெயில்,
போகாத நாற்றம் செடிக்கு உரம்.
நான்காவது மாடிக்கு மண் சுமந்தது நான்.
விதை போட்டது சகாயமேரி.
மொட்டைமாடிச் சாவி தரமாட்டேன் என்றவர்
பிளாக் செக்ரட்டரி தயாளன்.
முதல் பறிப்பில் அரைக்கிலோ வெண்டைக்காய்
அவர் வீடு போனதும்
காலை ஐந்தரைக்கே கதவு திறந்துகிடந்தது.

சித்திரையில் கொத்தவரை காய்த்துத் தள்ளும்.
தின்று தீராது, விற்கவும் காணாது.
கொதிநீரில் ஒரு முக்கு,
பழைய பெட்ஷீட்டில் பரப்பு,
மேலே கொசுவலை.
வலை காக்கைக்கு அல்ல,
எண்ணூர்ப் பக்கமிருந்து வரும் கரித்தூளுக்கு.
அப்படியும் மாலையில் தொட்டால் விரல்நுனி கறுக்கும்.
தட்டி, புடைத்து, மறுபடி காயப்போடுவாள்.
உப்பு பாதிதான் போடுவாள்.
"மிச்சத்தக் காத்து போட்டுடும்."

பாட்டிலில் ஒட்டும் சீட்டில்
காயின் பெயர், தேதி,
கீழே அன்றைக்கு நடந்தது ஒன்று.

கொத்தவரை, ஏப்ரல் 26. தண்ணி லாரி வரல.
மோர் மிளகாய், மே 9. பெனிட்டா பிளஸ் டூ பாஸ்.
கத்தரி, மே 30. நைட் ஷிப்ட்ல கிரேன் சங்கிலி அறுந்துச்சாம். இவருக்கு ஒண்ணும் ஆகல.

ஐப்பசியில் பிடித்த மழை விடவில்லை.
சுரங்கப்பாதை முங்கியது.
மூன்று நாள் கரண்ட் இல்லை,
கீழ்வீட்டு ஃப்ரிட்ஜுகள்
ஒவ்வொன்றாக நாற ஆரம்பித்தன.
மாடியில் செடிகள் அழுகி நின்றன.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் முதலில்
லாரி வராத நாளை வறுத்தோம்.
தெருவில் இடுப்பளவு தண்ணீர்.
சிரிப்பை அடக்க முடியவில்லை.
மறுநாள் பெனிட்டா தன் பாஸைக் கடித்துக்கொண்டு
மோர்ச்சோறு தின்றாள்,
காரத்தில் மூக்கு ஒழுக.
சங்கிலி அறுந்த இரவைத்
தயாளன் வீட்டுக் குழம்புக்குக் கொடுத்தனுப்பினோம்.
என்ன எழுதியிருந்தது என்று அவர் கேட்கவில்லை.

கடைசியில் ஒரு பாட்டில்.
பாகல், ஜூன் 20.
கீழே வெற்றிடம்.
"அன்னிக்கி என்ன ஆச்சு?" என்றேன்.
மெழுகு ஒரு விரலளவு கரையும்வரை யோசித்தாள்.
லாரி வந்திருக்கும்.
நானும் நேரத்துக்கு வீடு வந்திருப்பேன்.
கரித்தூள்கூடக் குறைவோ என்னவோ.
மூடியை இன்னும் ஒரு திருகு திருகி
அரிசி டின்னுக்குப் பின்னால் தள்ளிவைத்தாள்.
அன்றிரவு வெறும் ரசம்.

மழை விட்டபோது
பதினேழில் ஒன்பது பெட்டி மிச்சம்.
மண்ணெல்லாம் குழாய்வழி இறங்கித்
தயாளன் ஸ்கூட்டர்மேல் கிடந்தது.