ரசீதின் பின்புறம்

காக்கி புக்கிட்டில் நான்காம் மாடி.
லேத் நின்றபிறகும் பத்து நிமிடம்
காதுக்குள் அது சுற்றிக்கொண்டிருக்கும்.
யோசனைகள் வருவது அந்தப் பத்து நிமிடத்தில்தான்.
கூலன்ட் காயாத விரலோடு
ரசீதின் பின்புறம் வரைந்துவைப்பேன்.

முதலாவது, கியர் குமிழ்.
எல்லாரும் கேட்பது அதைத்தான்.
பித்தளையில் வேண்டும், பெயர் பொறிக்க வேண்டும்.
திறந்தவெளியில் காரை நிறுத்தி
மீன்தலைக் கறி சாப்பிட்டுத் திரும்பி வந்து
அதைத் தொட்டவன் அலறுவான்.
"லீலா, மரத்துல செய்வியா?"
மரம் என் வேலையில்லை.
பித்தளையை உள்ளே குடைந்து
உள்ளங்கை படும் இடத்துக்கு மட்டும்
நைலான் தொப்பி போடலாம்.
முதலாவது என்று எழுதியதோடு சரி,
அதன்பின் எண் போடவில்லை.

தே பைக்கு ஒரு கொக்கி.
லாரி ஓட்டும் சிக்கந்தருக்கு.
கடையில் கயிறு போட்டுக் கட்டித் தருகிற சூடான பை
பிரேக் மிதித்தால் முன்னே பாயும்,
அவன் மடியில் எத்தனை முறை!
கொக்கியை உறுதியாக வைத்தால் சிந்துகிறது.
ஆடவிட்டேன், சிந்தவில்லை.
கூலியாக வந்தது ஒரு பை தே,
சீனி அதிகம்.

ஈரக் குடைக்கு இருக்கையடியில் ஒரு தட்டு,
தண்ணீர் வெளியேற ஒரு குழாயுடன்.
வரைந்ததோடு நிற்கிறது.
குழாய் எங்கே முடிய வேண்டும் என்று
இன்னும் தெரியவில்லை.

சத்தம் கேட்டும் சிலர் வருவார்கள்.
நள்ளிரவில் புளோக்கையே எழுப்பும் புகைக்குழாய்.
ஆய்வில் தேறாது தம்பி என்பேன்.
ஆய்வன்று கழற்றிவிடுவோம் என்பான்.
கழற்றிவைக்கிற பொருளுக்கு
நான் எதற்கு அளவெடுக்க வேண்டும்?

பிறகு மிஸ்டர் இயோ வந்தார்.
கார்க் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பல்சக்கரம்,
பிளாஸ்டிக், மூன்று பல் போயிருந்தது.
கம்பெனி அதைச் செய்வதை நிறுத்திவிட்டதாம்.
காருக்கு இன்னும் ஏழு மாதம்தான் சான்றிதழ்,
அதன்பின் நசுக்கத்தான் போகிறார்கள்.
அட்டை ஒன்றைச் செருகிவையுங்கள், போதும் என்றேன்.
"ஏழு மாசமும் மழை பெய்யுமே," என்றார் ஆங்கிலத்தில்.
அதில் தவறொன்றும் இல்லை.

இருபத்துமூன்று பல்.
எதாலும் வகுபடாத எண்.
மில்லிங் மெஷினில் தட்டை மாற்றி
துளை துளையாய் எண்ணித் திருப்பி
வெண்கலத்தில் வெட்டினேன்.
பதினேழாவது பல்லில் ஃபோன் அடித்தது, எடுக்கவில்லை.
இரண்டு மைக்ரோமீட்டராலும் அளந்தேன்
(ஒன்று கொஞ்சம் பொய் சொல்லும்).
கார் வாழப்போகிற காலத்தை
அந்தச் சக்கரத்திடம் நான் சொல்லவில்லை.

ஏழு மாதம் கழித்து
டிஷ்யூ பாக்கெட்டில் சுற்றி எடுத்து வந்தார்.
"காரைக் கொடுத்துவிட்டேன்,
இதை மட்டும் கழற்றிக்கொண்டேன்.
அவர்கள் கேட்ட பட்டியலில் இது இல்லை."
இனி பஸ்தான் என்றார்.
பஸ் கண்ணாடியை நாம் இறக்க முடியாதே என்றும்.
வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பல் துளியும் தேயவில்லை.
அதுதான் என்னைத் தொந்தரவு செய்தது.
நாலு நாள் மேசையில் காகிதத்துக்குப் பாரமாக இருந்தது,
நான் வெட்டியதில் இவ்வளவு கனமான சோம்பேறி வேறில்லை.

கடை மேசைவிசிறி
தலை திருப்புவதை நிறுத்தி இரண்டு வருடம்.
திறந்து பார்த்தேன், உள்ளே இருந்ததும் பிளாஸ்டிக்,
அதிலும் பல் போயிருந்தது.
இருபத்துமூன்று அங்கே பொருந்தாது.
பொருந்தும்படி
எதிரே ஒன்றைப் புதிதாக வெட்டினேன்,
அச்சையும் அரை அங்குலம் தள்ளிவைத்தேன்.
இருபது வெள்ளி விசிறிக்கு
இரண்டு இரவு.

இப்போது திரும்புகிறது.
லேத்திடமிருந்து ஜன்னலுக்கு,
ஜன்னலிலிருந்து எனக்கு.
இடது கோடியில் மட்டும் கொஞ்சம் தயங்குகிறது.
பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே
பத்தில் ஒரு மில்லி
சும்மா கிடக்கிறது.

நாளைக்குப் பார்க்கணும்.
இந்த ரசீதிலும் இடமில்லை.