பின்னுதை

இலான்ஸ் ஆஸ்பத்திரிக்கு
ஆகஸ்ட் கடைசியில் புருவங்கள் வரத் தொடங்கும்.
வலக் கண்ணுக்கு மேல் பிறை வடிவில் ஒரு வெட்டு,
நாலு தையல், சில வேளை ஐந்து.
கதவில் இடித்துக்கொண்டேன் என்பார்கள்.
டொக்டருக்கு ஊசியை நீட்டியபடி
கதவுக்கு வட்ட விளிம்பா என்று நான் கேட்பதில்லை.
துவக்கின் தொலைநோக்கியில்
ஒரு விரல் நெருக்கமாய்க் கண்ணை வைத்தவர்கள்.

இந்த மாநிலத்து வேட்டைக்குக் குழல் பெரிது.
பத்து மில்லிமீட்டரைத் தாண்டிய சன்னம்.
சட்டம் கேட்கிறது,
தோள் பதில் சொல்கிறது.

நானும் வேட்டைப் பரீட்சை எழுதப் போகிறேன் என்றபோது
சத்திரசிகிச்சை அறை லடீனா சிரிக்கவில்லை.
"சனிக்கிழமை வா.
தடித்த சட்டை போட்டுக்கொள்."

முதல் வெடி:
கழுதை உதைத்ததென்று எழுதலாம்,
கழுதைக்காவது கோபம் இருந்திருக்கும்.
இது வெறும் கணக்கு.
முன்னால் போனதற்குப் பின்னால் வந்த மிச்சம்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள்.
இங்கே அம்பு போய்விட்டது,
நோவது எய்தவள்.

பிறகு சில்லறை உபாயங்கள்.
தோள்குழிக்குள் இறுக அணை,
இடைவெளி விட்டால் அந்த இடைவெளிதான் அடிக்கும்.
கன்னத்தைக் கட்டையில் பதி.
ரப்பர் மெத்தை கொஞ்சம் விழுங்கும்.
குழல் நுனியில் தடுப்பு பூட்டினால் தோள் தப்பும்,
பக்கத்தில் நிற்பவனின் காது போகும்.
பாரமான துவக்கு மெல்ல உதைக்கும்,
ஆனால் அதை மலைக்குத் தூக்குவது நீதான்.
எல்லாம் சரி. ஆனாலும் என் சன்னங்கள்
இலக்குக்குக் கீழே மண்ணைத் தேடின.

லடீனா தோட்டாக்களை வாங்கி,
திரும்பி நின்று, தானே நிரப்பித் தந்தாள்.
குறி பார்த்தேன். மூச்சு விட்டேன்.
விசையை அழுத்தினேன்.

டிக்.

வெடிக்கவில்லை. வெற்றுத் தோட்டா.
ஆனால் குழல் தலை குனிந்தது.
என் கண்கள் மூடியிருந்தன.
தோள் காதுவரை ஏறியிருந்தது.
வராத அடிக்கு வணங்கிக் கிடந்தேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

அன்று மாலை தபாற்பெட்டியில்
மாநில அலுவலகத்தின் சாம்பல் உறை.
படிக்கட்டிலேயே நின்றேன்.
தோள் மறுபடி காதுவரை.
பிரித்தால், குப்பைப் பைக்கான புதிய கட்டணம்.
பதினோரு வருஷமாய்
எத்தனை உறைகளுக்கு இப்படி.

அடுத்த சனிக்கிழமைகளில்
எது வெற்று, எது மெய் என்று அறியாமல்
நூறு முறை அழுத்தினேன்.
வெடி என்னை வியக்க வைக்கும் வரை
விரல் மட்டும் மெல்ல நகர,
மற்ற நான் அனைத்தும் வீட்டில் இருக்கப் பழகினேன்.

செப்டெம்பர். வால்ஸுக்கு மேலே கற்சரிவு.
ஊரார் காம்ஸ் என்பார்கள்,
எனக்கு அது வரையாடு.
நூற்றிருபது மீட்டர், பக்கவாட்டில்,
எதையோ மென்றபடி.

சத்தம் கேட்டதாய் நினைவில்லை.
உதை பட்டதாய் நினைவில்லை.
கண் திறந்தே இருந்தது,
அதனால் கால்கள் மடிவதைப் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்துக் குளியலறைக் கண்ணாடியில்
தோளைத் தேடினேன்.
சிவப்பு, நாவற்பழம், பச்சை, மஞ்சள்
என்று கன்றல் நிறம் மாறும் ஒழுங்கு
எனக்கு மனப்பாடம்.
ஒரு நிறமும் இல்லை.
விரலால் அழுத்திப் பார்த்தேன்.
இன்னும் கொஞ்சம் பலமாக.