தண்ணீர் லாரி

"போட்டு எந்தத் துறையில நிக்குது?" என்று கேட்டார்
தூத்துக்குடியிலிருந்து ஜெரோம் பர்னாந்து.
புதுவயல் என்றேன்.
போனில் கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
"அங்க ஏதும்மா கடல்?"
கடல் இல்லை. அரைவை மில் இருக்கிறது.
மில்லுக்குப் பின்னால், நெற்களத்தை ஒட்டி,
முப்பத்திரண்டு அடி ஃபைபர்
கடனுக்கு ஈடாக வந்தது,
மூன்று வருஷமாகப் பழைய டயர்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

வயிரவன் செட்டியார் ஆறரை லட்சத்தில் நின்றார்.
"புதுசு மாதிரி" என்றார்.
என் கையில் இருந்தது அடகுச்சீட்டு இரண்டு,
தொண்டியில் காத்திருக்கும் தம்பி லூர்து.
"பாத்துச் சொல்றதுக்குப் பன்னெண்டாயிரமா?
ஒரு வலை வாங்கலாம் அந்தக் காசுக்கு."
ஓட்டைப் படகிலிருந்து எங்கே வீசுவாய் என்றேன்.
அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை.

தேதி மூன்று முறை தள்ளிப்போனது.
களத்துச் சாவி வைத்திருந்தவர் பழனிக்குப் போயிருந்தார்,
பிறகு மழை,
பிறகு ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

ஜெரோம் வந்தார். டிபன் பையிலிருந்து
ஒரு சுத்தியல், ஒரு டார்ச், சாக்கட்டி.
அடிவயிற்றில் தட்டிக்கொண்டே போனார்.
டக். டக். டக்.
பொத்.
அங்கே ஒரு வட்டம் போட்டார்.
அவித்த நெல்லைக் காலால் துழாவியபடி ஒருத்தி கேட்டாள்,
"தேங்கா பாக்குறாரா?"

பதிவெண்ணில் கடைசி இரண்டு எழுத்து சுரண்டியிருந்தது.
அதைத் தடவிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை,
நோட்டில் நிறைய எழுதினார்.

"தண்ணியில எறக்காம நான் என்னத்தச் சொல்ல?"
யாரோ ஊருணிப் பக்கம் கைநீட்டி,
குடிதண்ணி என்று தானே மடக்கிக்கொண்டார்.
"சரி, போட்டு தண்ணிக்குப் போகாட்டி
தண்ணி போட்டுக்கு வரட்டும்."

லாரிக்கு ஆயிரத்து இருநூறு, அதுவும் என் கணக்கில்.
"எந்த வீட்டுத் தொட்டி?" என்றான் டிரைவர்.
காட்டினேன்.
என்னை ஒருமுறை பார்த்தான், படகை ஒருமுறை,
ஹோஸை உள்ளே போட்டான்.
ஒரு அடி ஏறியதும் போதும் என்றார் ஜெரோம்.
டயர்கள் முனகின.
உப்பில்லாத தண்ணீர் அதற்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ.

கால் மணி நேரம் ஒன்றும் இல்லை.
செட்டியார் துண்டால் முகம் துடைத்துச் சிரித்தார்.
அப்புறம் சாஃப்ட் குழாய் ஓரம் ஒரு ஈரக்கோடு.
அப்புறம் மூன்றாம் வட்டத்தில்
ஒரு சொட்டு திரண்டு, யோசித்து, விழுந்தது.
செம்மண் கறுத்தது.
ஒரு கோழி வந்து கொத்திப் பார்த்தது.

"வீணாப் போகுதே" என்று களத்திலிருந்து ஓடிவந்த சிட்டாள்
தன் பிளாஸ்டிக் குடத்தை நேர் கீழே வைத்தாள்.
செட்டியார் குந்தி உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார்.
"அஞ்சே முக்கால்" என்றார்.
குடத்தில் சத்தம் மாறிக்கொண்டே வந்தது.
"சொல்லும்மா."

இருங்க அண்ணே,
குடம் நிறையட்டும்.